தவ்பா (பாவமன்னிப்புக் கோரி இறைவனிடம் மீளுதல்) செய்த பாவத்திலேயே மீண்டும் மீண்டும் விழுபவரின் தவ்பா ஏற்கப்படுமா?

கேள்வி: நிழல்தேடி

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.

பல ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றியிருக்கும் ஒரு பாவத்தைக் குறித்து, மார்க்க அறிவுடையவர்களிடம் விளக்கம் கேட்க விரும்புகிறேன். அதை விவரிக்கத் தேவையில்லை. இரவில் தனித்திருக்கும் வேளையில், பார்க்கக் கூடாத காட்சிகளைக் கைப்பேசியில் பார்ப்பது என்ற அளவில் புரிந்துகொண்டால் போதுமானது.

ஒவ்வொரு முறையும் அது முடிந்தவுடன் உள்ளம் கசந்துபோகிறது. குளித்துவிட்டுத் தொழுது, அழுது பாவமன்னிப்புக் கேட்கிறேன். "இனி இதன் பக்கமே போக மாட்டேன்" என்று அப்போது நான் சொல்வது பொய்யில்லை. ஆனால் சில நாட்களோ சில வாரங்களோ கழிந்த பின் அதே இடத்தில் வந்து நிற்கிறேன். இப்போதெல்லாம் தவ்பாவுக்காகக் கையேந்தும்போதே, "எப்படியும் திரும்பத்தான் போகிறாய், யாரை ஏமாற்றுகிறாய்?" என்ற எண்ணம் குறுக்கே வந்துவிடுகிறது. மீண்டும் செய்துவிடுவேனோ என்ற அச்சம் உள்ளத்தில் இருக்கும்போது கேட்கப்படும் தவ்பா செல்லுமா? முன்பு மன்னிக்கப்பட்டிருந்த பாவங்களும், நான் மீண்டும் விழுந்தவுடன் என் கணக்கில் திரும்பி வந்துவிடுமா?

அண்மையில் ஓர் உரையில், அரேபியாவின் திஹாமா மலைகளைப் போன்ற நன்மைகளோடு மறுமையில் வருபவர்கள், தனிமையில் அல்லாஹ் தடுத்தவற்றைச் செய்த காரணத்தால் அந்த நன்மைகள் புழுதியாக்கப்படும் என்ற ஹதீஸை (நபிமொழியை) கேட்டேன். அன்றிலிருந்து தொழுகையில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. பகலில் முதல் வரிசையில் நின்றுவிட்டு இரவில் இப்படி நடப்பது நயவஞ்சகம் இல்லையா? இந்தப் பாவத்தை முழுமையாக விட்ட பிறகே தொழுகைக்கும் குர்ஆனுக்கும் திரும்புவதுதான் நேர்மை என்றுகூடத் தோன்றுகிறது.

ஆதாரங்களோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வைகறை

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

சகோதரரே, உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது அதுதான். பாவத்தை விட்ட பிறகு தொழலாம் என்ற எண்ணம் நேர்மையின் உடையில் வருகிறது, ஆனால் அதன் விளைவு என்ன? பாவம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், தொழுகை மட்டும் போய்விடும். தொழுகை மானக்கேடான செயல்களிலிருந்தும் தீமையிலிருந்தும் தடுக்கும் என்று குர்ஆன் கூறுகிறது (29:45). ஒரு மனிதர் இரவில் தொழுகிறார், விடிந்ததும் திருடுகிறார் என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டபோது, அவருடைய தொழுகையே அவரைத் தடுத்துவிடும் என்ற கருத்தில்தான் அவர்கள் பதிலளித்தார்கள் (முஸ்னத் அஹ்மத் என்னும் ஹதீஸ் நூல்). முதலில் திருட்டை நிறுத்தட்டும், பிறகு தொழட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

இனி தவ்பாவைப் பற்றி. அதற்கு அறிஞர்கள் கூறும் நிபந்தனைகள் நீங்கள் அறிந்தவையே: பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், பிற மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் சேர்த்தல். இவற்றுள் எங்கேனும், "அதன் பின் வாழ்நாள் முழுவதும் அந்தப் பாவம் நிகழாதிருத்தல்" என்ற நிபந்தனை இருக்கிறதா? இல்லை. உறுதி என்பது தவ்பா செய்யும் அந்த நேரத்தில் உள்ளத்தின் செயல். நாளை என்ன நடக்கும் என்பது மறைவான விஷயம், அதை அல்லாஹ் மட்டுமே அறிவான். "மீண்டும் விழுந்துவிடுவேனோ" என்ற அச்சமும் "மீண்டும் செய்யலாம்" என்ற எண்ணமும் ஒன்றல்ல. அச்சம் இருப்பதால் உறுதி பொய்யாகிவிடாது. சொல்லப்போனால், தன் பலவீனத்தை அறிந்தவர்தான் உதவி கேட்பார். மீண்டும் செய்வேன் என்ற திட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு நாவால் மட்டும் மன்னிப்புக் கேட்பதே நிபந்தனையை முறிக்கும்.

நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ் கூறியதாக நபியவர்கள் அறிவித்த செய்தி) ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஓர் அடியான் பாவம் செய்துவிட்டு "இறைவா, என்னை மன்னித்துவிடு" என்கிறான். பாவத்தை மன்னிக்கவும் அதற்காகத் தண்டிக்கவும் செய்கின்ற ஓர் இறைவன் தனக்கு உண்டு என்பதை என் அடியான் அறிந்திருக்கிறான் என்று அல்லாஹ் கூறி அவனை மன்னிக்கிறான். அவன் மீண்டும் பாவம் செய்கிறான், மீண்டும் கேட்கிறான், மீண்டும் மன்னிக்கப்படுகிறான். மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்கிறது. இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676), பாவம் நூறு முறை, ஆயிரம் முறை, அதற்கும் மேல் திரும்ப நிகழ்ந்தாலும், ஒவ்வொரு முறையும் அடியான் தவ்பா செய்தால் அது ஏற்கப்படும், அவனுடைய பாவம் விழுந்துவிடும் என்று தெளிவாகவே கூறியிருக்கிறார். முறையாகத் தவ்பா செய்யப்பட்ட பழைய பாவம், புதிதாக விழுந்ததால் திரும்ப வராது என்பதே வலுவான கருத்து. உங்கள் முன்னால் இருப்பது இன்றைய பாவம் மட்டுமே, பல ஆண்டுகளின் மூட்டை அல்ல.

குர்ஆன் 3:135இல், மானக்கேடான ஒன்றைச் செய்துவிட்டாலோ தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டாலோ அல்லாஹ்வை நினைத்துத் தம் பாவங்களுக்காக மன்னிப்புக் கோருபவர்கள், தாம் செய்ததில் அறிந்துகொண்டே நிலைத்திருக்க மாட்டார்கள் என்று வருகிறது. இந்த வசனம் இறையச்சமுடையோரின் பண்புகளைச் சொல்லும் தொடரில் இருப்பதைக் கவனியுங்கள். விழுவது வேறு, விழுந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொள்வது வேறு. இமாம் கஸ்ஸாலி (மறைவு ஹிஜ்ரி 505) தவ்பா செய்பவர்களை நான்கு தரத்தினராகப் பிரிக்கிறார். மூன்றாம் தரத்தினர், பெரும்பாலான வணக்கங்களைப் பேணிவந்தாலும், ஓரிரு இச்சைகள் மட்டும் தம்மை மிகைத்துவிட, முடிந்தவுடன் வருந்துபவர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஏறத்தாழ இவர்களைத்தான். நற்செயலையும் தீய செயலையும் கலந்துவிட்ட சிலரைக் குறிப்பிட்டு, அல்லாஹ் அவர்களை மன்னிக்கக்கூடும் என்று நம்பிக்கையூட்டும் வசனத்தை (9:102) அவர் இவர்களோடு பொருத்துகிறார். கூடவே, தவ்பாவைத் தள்ளிப்போட்டால் இவர்களின் முடிவு அபாயத்தில் இருக்கிறது என்றும் எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நயவஞ்சகத்தைக் குறித்த உங்கள் அச்சம் புதிதன்று. தாம் சந்தித்த 30 நபித்தோழர்களும் தம்மைக் குறித்து நயவஞ்சகத்தை அஞ்சியவர்களாகவே இருந்தார்கள் என்று நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இப்னு அபீ முலைக்கா கூறியதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார். வெளியே நல்லவராகவும் உள்ளே அதைப் பொய்யாகக் கருதுபவராகவும் இருப்பவனே நயவஞ்சகன். உங்களுடைய உட்புறம் நீங்கள் செய்ததை வெறுக்கிறது.

திஹாமா மலைகள் பற்றிய ஹதீஸ் ஸவ்பான் (ரலி) வழியாக இப்னு மாஜா என்னும் ஹதீஸ் நூலில் உள்ளது. அதை எளிதாகக் கடந்துபோகச் சொல்ல மாட்டேன், அச்சமூட்டுவதற்காகவே அது சொல்லப்பட்டது. ஆனால் அது, தனிமை கிடைத்தவுடன் அல்லாஹ்வின் வரம்புகளைக் கூச்சமின்றி, அவற்றை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மீறுபவர்களைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மறைவில் பாவம் செய்து, நடுங்கி, உடனே மன்னிப்புக் கேட்பவரை அந்தக் கூட்டத்தில் சேர்த்தால், மேலே கண்ட புகாரியின் ஹதீஸுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். உரையாற்றுபவர்கள் இந்த ஒரு ஹதீஸை மட்டும் தனியே எடுத்துச் சொல்லி இறங்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

பதில்: அமைதிநதி

மேலே சகோதரர் வைகறை எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அதே ஹதீஸ்கள் தவறான கைகளில் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்களைப் போன்ற நிலையில் இருப்பவரின் உள்ளம் இரண்டு நேரங்களில் இரண்டு விதமாகப் பேசும். பாவத்துக்குப் பின், "உனக்கு மன்னிப்பே இல்லை" என்கிறது. பாவத்துக்கு முன், "செய்துவிட்டுத் தவ்பா செய்துகொள்ளலாம், அவன் மன்னிப்பவன்தானே" என்கிறது. இரண்டையும் சொல்வது ஒரே குரல்தான்.

முன்கூட்டியே திட்டமிடப்பட்ட தவ்பாவுக்குக் குர்ஆனில் ஓர் உதாரணம் இருக்கிறது. யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள், அவரைக் கொன்றுவிடுவோம் அல்லது எங்காவது எறிந்துவிடுவோம், அதன் பின் நல்ல மனிதர்களாகிவிடுவோம் என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள் (12:9). குற்றம் நடப்பதற்கு முன்பே திருந்துவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். பின்னாளில் அவர்களுக்கும் மன்னிப்புக் கிடைத்தது என்பது உண்மை, ஆனால் அதற்கு முன் ஒரு தந்தையின் கண்பார்வையே அழுகையில் போயிற்று. ஆகவே, தவ்பா பாவத்துக்குப் பிறகு திறந்திருக்கும் வாசல். அதைப் பாவத்துக்கு முன் அனுமதிச்சீட்டாகப் பயன்படுத்தும் எண்ணம் எழும்போது, அது ஷைத்தானுடையது என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 99 பேரைக் கொன்ற மனிதரின் ஹதீஸை (புகாரி, முஸ்லிம்) எல்லோரும் மன்னிப்பின் விரிவுக்காகவே எடுத்துச் சொல்கிறோம். அதில் அறிஞர் கொடுத்த பதிலின் இரண்டாம் பாதியைக் கவனிப்பவர்கள் குறைவு. உமக்கும் தவ்பாவுக்கும் இடையே யார் தடையாக நிற்க முடியும் என்று கேட்டதோடு அவர் நிறுத்தவில்லை. அல்லாஹ்வை வணங்கும் மக்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ, உன் ஊருக்குத் திரும்பாதே, அது தீய ஊர் என்று அனுப்பிவைத்தார். மன்னிப்பு உண்டு என்று கூறிய அதே மூச்சில் இடத்தை மாற்றச் சொல்கிறார். அம்மனிதர் வழியிலேயே இறந்துபோகிறார். சேர வேண்டிய ஊரைச் சேரவில்லை, ஆனாலும் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார் என்பதற்காகவே அருளின் வானவர்கள் அவரைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் "தீய ஊர்" என்பது ஒரு நேரமும் ஒரு பொருளும்: உறக்கத்துக்கு முந்தைய தனிமை, கையில் இருக்கும் கருவி. இந்த இரண்டும் சேராமல் பார்த்துக்கொள்ளாத தவ்பா, வருத்தத்தில் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், நடைமுறையில் குறையுடையதாகவே இருக்கும். குர்ஆன் விபச்சாரத்தைச் செய்யாதீர்கள் என்று மட்டும் கூறாமல், அதை நெருங்காதீர்கள் என்கிறது (17:32). ஷைத்தானின் அடிச்சுவடுகளைப் பின்பற்றாதீர்கள் என்கிறது (24:21). அவன் ஒரே தாவலில் யாரையும் கொண்டுபோவதில்லை. முதலில் களைப்பு, பிறகு நோக்கமில்லாமல் கருவியைப் புரட்டுவது, பிறகு அனுமதிக்கப்பட்டதற்கும் தடுக்கப்பட்டதற்கும் நடுவே உள்ள ஏதோ ஒன்று, கடைசியில் பாவம். கடைசிப் படியில் நின்றுகொண்டு போராடுபவர் பெரும்பாலும் தோற்பார். முதல் படியில் போராட்டமே தேவைப்படாது. இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) பின் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுவது, கருவியில் தடுப்பு வசதியை வைத்து அதன் கடவுச்சொல்லை வேறொருவரிடம் ஒப்படைப்பது, உறக்கம் வராமல் படுக்கையில் கிடப்பதைத் தவிர்ப்பது போன்றவை மார்க்கத்துக்கு வெளியே உள்ள உத்திகள் அல்ல. பாவத்தை விட்டு விலகுதல் என்ற நிபந்தனையின் நடைமுறை வடிவமே இவை.

யூசுஃப் (அலை) அவர்கள் ஒரு நபி. தாம் வாழ்ந்த வீட்டின் தலைவி தவறுக்கு அழைத்தபோது, அவர்களே தம் மனவலிமையை நம்பி அங்கு நிற்கவில்லை, வாசலை நோக்கி ஓடினார்கள். பிறகு, இப்பெண்களின் சூழ்ச்சியை நீ என்னை விட்டுத் திருப்பாவிட்டால் நான் இவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன் என்று இறைவனிடம் முறையிட்டார்கள் (12:33). ஓட்டமும் துஆவும் (பிரார்த்தனையும்) இரண்டும் இருந்தன. நம்மில் பலர் துஆவை வைத்துக்கொண்டு ஓட்டத்தை விட்டுவிடுகிறோம்.

விழுந்த பின் செய்ய வேண்டியதைக் குறித்தும் ஒரு சொல். அழுகையின் அளவை வைத்துத் தவ்பாவை அளக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இரவு முழுவதும் தன்னைத் தானே சபித்துக்கொண்டு, களைத்து, மறுநாள் ஃபஜ்ரை (அதிகாலைத் தொழுகையை) தவறவிடுபவருக்கு அந்த அழுகையால் என்ன பயன்? பாவம் செய்த ஒருவர் நன்கு உளூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது, மன்னிப்புக் கேட்டால் அல்லாஹ் அவரை மன்னிக்கிறான் என்று அபூபக்ர் (ரலி) வழியாக அலீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அதைச் செய்யுங்கள். பின்னர் அமைதியாக உட்கார்ந்து, இன்றைக்கு எந்தப் படியில் கால் வைத்தேன் என்று யோசித்து, அந்தப் படியை அடைக்க என்ன வழி என்று முடிவு செய்துவிட்டு உறங்குங்கள். திருமணத்துக்கு வசதியில்லாத இளைஞர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் நோன்பைப் பரிந்துரைத்ததையும் (புகாரி, முஸ்லிம்) நினைவில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் அது உங்கள் வேலையையும் உறக்கத்தையும் உறவுகளையும் விழுங்கும் அளவுக்கு இருந்தால், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அணுகுவதில் ஈமானுக்குக் குறைவு எதுவும் இல்லை. அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணத்தை இறக்காமல் இறக்கவில்லை என்பது புகாரியில் உள்ள ஹதீஸ்.

நிழல்தேடி

இருவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. முன்கூட்டியே திட்டமிட்ட தவ்பாவைப் பற்றிப் படித்தபோது, என்னிடம் இரண்டு வகையும் கலந்திருப்பதை உணர்ந்தேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. என்னைக் கட்டுப்படுத்துவதற்காக, "அல்லாஹ்வின் மீது ஆணையாக இனி இதைச் செய்ய மாட்டேன்" என்று பல முறை சத்தியம் செய்து, அவற்றை முறித்திருக்கிறேன். ஒரு முறை, "மீண்டும் செய்தால் ஒரு மாதம் நோன்பு வைப்பேன்" என்று நேர்ச்சையும் செய்தேன், அதுவும் நிறைவேறவில்லை. இவற்றுக்கு என்ன செய்வது? மேலும், கடவுச்சொல்லை வேறொருவரிடம் ஒப்படைப்பதென்றால் அவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே. பாவத்தை வெளிப்படுத்தக் கூடாது என்பதற்கு அது மாறாகாதா?

பதில்: பிறைவாசல்

வஸ்ஸலாமு அலைக்கும். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

என் சமுதாயத்தார் அனைவரும் மன்னிக்கப்படுவர், பகிரங்கமாகப் பாவம் செய்பவர்களைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்துவைத்திருக்க, காலையில் எழுந்து "நேற்று இன்னின்னதைச் செய்தேன்" என்று தானே சொல்வதும் அதில் அடங்கும் என்றும் விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). எனவே பொதுவில் சொல்வதும், தேவையில்லாமல் நண்பர்களிடமும் உறவினரிடமும் ஒப்புக்கொள்வதும் வேண்டாம். மன்னிப்புக்கு மனிதர் எவரும் இடையில் தேவையில்லை. ஆனால் அதிலிருந்து மீளும் வழியைத் தனக்குக் கற்றுத் தருவார் என்ற எதிர்பார்ப்போடு, தன் ஆசிரியர் போன்ற ஒருவரிடம் சொல்வதில் தவறில்லை என்று இமாம் நவவீ எழுதியிருக்கிறார். மருத்துவரிடம் சொல்வதும் இவ்வகைதான். கடவுச்சொல்லுக்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. "இரவில் கைப்பேசியில் நேரம் வீணாகிறது, இதை நீங்கள் வைத்திருங்கள்" என்பது உண்மையும்கூட.

சத்தியத்தின் பரிகாரம் குர்ஆனில் (5:89) தெளிவாக உள்ளது. உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் அளிக்கும் நடுத்தரமான உணவில் 10 ஏழைகளுக்கு உணவளித்தல், அல்லது அவர்களுக்கு உடையளித்தல், அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்தல். இவற்றுள் எதற்கும் இயலாதவர் மட்டுமே 3 நாட்கள் நோன்பு நோற்க வேண்டும். சத்தியத்தை முறித்தால் நேராக 3 நோன்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உணவளிக்க வசதி இருப்பவருக்கு அது நிறைவேறாது. நோன்பாக இருந்தால், ஹனஃபி மத்ஹபின்படி (மார்க்கச் சட்டப்பள்ளியின்படி) மூன்றையும் தொடர்ச்சியாக வைக்க வேண்டும், ஷாஃபிஈ மத்ஹபில் அது கட்டாயமில்லை.

பல முறை முறித்தவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பரிகாரம் உண்டா, அல்லது இதுவரை பரிகாரம் செய்யாததால் ஒன்றே போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. ஹன்பலீ மத்ஹப் இரண்டாவது கருத்தை ஏற்கிறது. நீங்கள் பின்பற்றும் மத்ஹபை அறிந்த ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்), என்ன பாவம் என்று சொல்லாமலேயே இதைக் கேட்டுவிடலாம். "ஒரு செயலைச் செய்ய மாட்டேன் என்று பல முறை சத்தியம் செய்து முறித்துவிட்டேன்" என்றால் போதும்.

ஒரு மாத நோன்பைப் பொறுத்தவரை, அது வணக்கத்தை நாடிச் செய்த நேர்ச்சை அன்று, தன்னைத் தடுத்துக்கொள்வதற்காகச் சொன்னது. இத்தகைய நேர்ச்சையில், சொன்னதை நிறைவேற்றலாம், அல்லது சத்தியத்தின் பரிகாரத்தைக் கொடுத்துவிடலாம் என்பது ஷாஃபிஈ, ஹன்பலீ அறிஞர்களின் கருத்து. ஒரு மாத நோன்பு உங்கள் தலைமேல் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்து மலைக்கத் தேவையில்லை.

இனிமேல் இவ்வகைச் சத்தியங்களை நிறுத்திவிடுங்கள் என்பதே என் கருத்து. நேர்ச்சை எந்த நன்மையையும் கொண்டுவராது, கஞ்சனிடமிருந்து எதையாவது வெளிக்கொணர மட்டுமே அது உதவும் என்று நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆணையிட்டவுடன் உள்ளத்துக்கு ஏதோ செய்து முடித்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. கைப்பேசி அப்போதும் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆணை முறிந்தபின் ஒரு பாவம் இரண்டு சுமையாகி, தவ்பாவே பாரமாகத் தோன்றத் தொடங்குகிறது. நீங்கள் முதல் கேள்வியில் விவரித்த சோர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பரிகாரம் நிலுவையில் இருப்பதைக் காரணமாக்கித் தவ்பாவைத் தள்ளிப்போடாதீர்கள். தவ்பா இன்றிரவே செய்ய முடியும். 10 பேருக்கான உணவை வரும் நாட்களில் வசதிப்படி கொடுத்துக்கொள்ளலாம், ஒரே நாளில் கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை.